மான் வேட்டைக்கான வாய்குண்டேற்றித் துப்பாக்கிக் குண்டுகள்

வாய்குண்டேற்றி என்பது வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி ஆகும். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று அறியப்படுவது பெரும்பாலும் இவ்வகையே. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டையாடலாம்; அங்குப் பல மாநிலங்கள் வாய்குண்டேற்றிக்கெனத் தனி வேட்டைப் பருவத்தை ஒதுக்கியுள்ளன. பென்சில்வேனியாவில் தீக்கல் துப்பாக்கிக்கான தனிப் பருவம் 1974இல் தொடங்கியது. அங்கு முதன்மையாக வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான்.

இத்துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். கருமருந்தின் புகை, சுட்ட மான் எந்தப் பக்கம் ஓடியது என்பதையே சில நொடிகள் மறைத்துவிடும். ஆகவே முதல் குண்டே மானின் நுரையீரலையோ இதயத்தையோ துளைத்து விரைவாகக் கொல்ல வேண்டும். தவறான குண்டு மானைக் காயப்படுத்தி மட்டும் விட்டால், அது காட்டுக்குள் வெகுதூரம் ஓடி, யாருக்கும் பயன்படாமல் மெல்லச் சாகும்.

உருண்டைக் குண்டு

மிகப் பழைய வடிவம் இதுவே. தூய ஈயத்தை வார்த்துச் செய்த கோளக் குண்டு, எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணித்துண்டில் பொதிந்து குழலில் இறக்கப்படும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். இடைவெளியைத் துணி நிரப்பும். குழலின் உட்புறப் புரிகளைப் பற்றிக் குண்டைச் சுழலச் செய்வது இத்துணிதான். .50 அளவுக் குழலுக்கு வழக்கமாக .490 அங்குல விட்டமுள்ள குண்டு பயன்படுகிறது. அதன் எடை ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். .54 குழலுக்கான .530 அங்குலக் குண்டு ஏறத்தாழ 224 கிரெய்ன் இருக்கும். விட்டம் சிறிதே கூடினாலும் எடை பெரிதும் கூடுவதற்குக் காரணம், கோளத்தின் கனஅளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதே. பழைய முறையில் வேட்டையாடுவோர் பலர் .54ஐ விரும்புவதும் இதனால்தான்.

கோள வடிவம் காற்றில் வேகத்தை விரைவாக இழக்கும். குழலை விட்டு நொடிக்கு 1,900 அடி வேகத்தில் புறப்படும் .490 குண்டு, 100 கெஜத்தில் சுமார் 1,100 அடிக்கு இறங்கிவிடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அங்குப் போய்ச் சேரும்போது புறப்பட்ட ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதனால் அனுபவமுள்ளவர்கள் 75 கெஜத்துக்குள் மட்டுமே உருண்டைக் குண்டால் சுடுகின்றனர். ஆற்றல் எண்களை மட்டும் பார்த்து இக்குண்டை எள்ளுவதும் சரியன்று. மென்மையான ஈயம் உடலில் பட்டதும் தட்டையாகி அகன்ற காயத்தை உண்டாக்கும். அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகள் தலைமுறை தலைமுறையாக இதைக்கொண்டே மான் வேட்டையாடினர்.

கூம்புக் குண்டு

1849இல் பிரான்சின் கிளோத் எத்தியேன் மினியே வடிவமைத்த குண்டு அடிப்பகுதியில் குழிவு உடையது. வெடிப்பின் அழுத்தத்தில் அக்குழிவு விரிந்து புரிகளைப் பற்றிக்கொள்ளும், துணி தேவையில்லை. வேட்டைக்கான முழு ஈயக் கூம்புக் குண்டுகளும் மினியே குண்டைப் போலத் துணியின்றியே கெட்டிக்கப்படுகின்றன. எடை கூடியவை என்பதால் இவை ஆழமாக ஊடுருவி மறுபுறம் வெளியேறும். இரு துளைகள் இருந்தால் இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து மானைக் கண்டெடுப்பது எளிது. ஆனால் தோள் உதைப்பும் மிகுதி. பறக்கும் பாதையும் வளைவானது. துணி இறுக்கிப் பிடிக்காததால், துப்பாக்கியைத் தலைகீழாகச் சுமந்து நடக்கையில் சில கூம்புக் குண்டுகள் மருந்தைவிட்டு முன்னே நழுவக்கூடும். இது குறிதவறலோடு நிற்கும் குறையன்று. குழலையே பிளக்கக்கூடிய ஆபத்து.

சபோ குண்டு

சபோ என்பது மரக்காலணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இங்கு அது குண்டைத் தாங்கும் சிறு நெகிழிக் கிண்ணத்தைக் குறிக்கிறது. .50 குழலில் .45 அளவுள்ள நவீன குண்டைக் கிண்ணத்தில் வைத்து இறக்குவர். குழலை விட்டு வெளியேறியதும் கிண்ணம் கழன்று விழ, குண்டு மட்டும் பறக்கும். 1985இல் மிசூரியின் டோனி நைட் எம்கே-85 என்னும் நேர்வரிசைத் துப்பாக்கியை வெளியிட்டபின் இம்முறை வேகமாகப் பரவியது.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. தொடக்கத்தில் சபோவில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் குண்டுகள். அவை மிதமான வேகத்தில் விரியும்படி செய்யப்பட்டவை. அதிக மருந்திட்டு நொடிக்கு 2,000 அடி வேகத்தில் அருகிலிருந்து சுட்டால் தோள் எலும்பில் பட்டுச் சிதறி, நுரையீரலை எட்டாமலே போகலாம். மறுபுறம், உறுதியான செப்புக் குண்டு தொலைவில் வேகம் குறைந்தபின் விரியாமல் ஊசித் துளை போட்டுச் செல்லலாம். ஆகவே எந்த வேக எல்லைக்குள் குண்டு விரியும் என்பதே எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது.

புரிச்சுற்று

குண்டைத் தேர்வது வேட்டைக்காரரைவிடக் குழல்தான் என்று சொல்லலாம். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சி போதும்: 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். நேர்வரிசைத் துப்பாக்கிகளில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். வேகமான புரியுள்ள குழலில் உருண்டைக் குண்டை நிறைய மருந்திட்டுச் சுட்டால், குண்டு புரியைப் பின்பற்றாமல் வழுக்கிச் சென்று குறி சிதறும். 48 அங்குலச் சுற்று இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும் நடுவழி.

உலோகம்

உருண்டைக் குண்டும் கூம்புக் குண்டும் தூய ஈயத்தால் ஆக வேண்டும். பழைய வாகனச் சக்கர எடைகளை உருக்கி வார்ப்போர் உண்டு. அவற்றில் ஆன்டிமனி கலந்திருப்பதால் குண்டு கடினமாகி, கெட்டிக்கவும் கடினம், விரியவும் தயங்கும். ஈயத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. மானின் குடலையும் கழிவையும் காட்டில் விட்டுச் செல்லும்போது, அவற்றிலுள்ள ஈயத் துணுக்குகளைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. கலிபோர்னியக் கொண்டோர் இதில் பெரிதும் பாதிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டு கட்டாயம். அங்கு வாய்குண்டேற்றிக்காரர்களும் செப்புக் குண்டுகளை நாடுகின்றனர்.

கெட்டித்தலும் சோதனையும்

எந்தக் குண்டானாலும் அது மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர வேண்டும். சரியாகக் கெட்டித்த நிலையில் கோலின்மேல் ஒரு கோடு கிழித்து வைத்தால், ஒவ்வொரு முறையும் குண்டு முழுதும் இறங்கியதா என்று பார்த்துக்கொள்ளலாம். மருந்து கருமருந்தாகவோ, பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்தாகவோ இருக்க வேண்டும். புகையற்ற மருந்தை, அதற்கெனக் கட்டப்படாத குழலில் இட்டால் குழல் வெடித்துச் சுடுபவரே உயிரிழக்க நேரும். பருவத்துக்கு முன் இரண்டு மூன்று வகைக் குண்டுகளைத் தாள் இலக்கில் சுட்டுப் பார்ப்பது வழக்கம். வெடிமருந்துக் கரி படியப் படிய அடுத்த குண்டு இறங்க மறுக்கும். ஆதலால் சுடுதல்களுக்கிடையே குழலை ஈரத்துணியால் துடைக்கின்றனர். வேட்டையில் முக்கியமான முதல் குண்டு சுத்தமான குழலிலிருந்தே போகும் என்பதால், சோதனையும் அவ்வாறே நடந்தால்தான் பொருளுண்டு.

மாநில விதிகளும் தேர்வைக் கட்டுப்படுத்துகின்றன. கொலராடோவின் வாய்குண்டேற்றிப் பருவத்தில் சபோ, வில்லை வடிவ மருந்து, தொலைநோக்கிக் குறி ஆகிய மூன்றுக்கும் தடை உண்டு, மானுக்குக் குறைந்தது.40 அளவு வேண்டும். பக்கத்து மாநிலத்தில் வாங்கிய சபோ பொட்டலத்தோடு அங்குச் செல்பவர் அதை வண்டியிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.