அறுவை அரங்குக்கு வெளியே நரம்பியல் மருத்துவர்

முதுகெலும்பின் கோணலை நிமிர்த்தும்போதோ செவி நரம்பை ஒட்டி வளர்ந்த கட்டியை அகற்றும்போதோ தண்டுவடத்துக்கும் நரம்புகளுக்கும் தீங்கு நேர்கிறதா என்பதை, மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் கேட்டறிய இயலாது. அதை மின் குறிகளைக் கொண்டு அறுவை நடக்கும்போதே அறிந்து சொல்வது அறுவைக்கால நரம்பியக்கக் கண்காணிப்பு எனப்படுகிறது. அமெரிக்காவில் இது நரம்பியல் மருத்துவர் முழுநேரமாகவே மேற்கொள்ளக்கூடிய தொழிலாக வளர்ந்துவிட்டது. பலர் வீட்டிலிருந்தே கணினித் திரையில் இதைச் செய்கின்றனர்.

1973-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் விவரித்த முறையில், அறுவையின் நடுவே மயக்கத்தைத் தணித்து, நோயாளியைக் கால்விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தனர். அது அந்த ஒரு கணத்தின் நிலையை மட்டுமே காட்டியது. பின்னர் பரவிய உணர்வுவழி மின்துலங்கல் முறையில், கணுக்காலருகே நரம்பு மீண்டும் மீண்டும் தூண்டப்பட்டு, தலையில் பதிவாகும் மிக நுண்ணிய குறிகள் நூற்றுக்கணக்கில் சராசரியாக்கப்படுகின்றன. குறியின் உயரம் பாதியாகக் குறைந்தாலோ, அது வந்துசேரும் நேரம் 10 விழுக்காடு நீண்டாலோ எச்சரிக்கை விடுக்கப்படுவது வழக்கம். ஆனால் இக்குறி தண்டுவடத்தின் பின்பகுதி வழியே செல்வதால், முன்பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அடைபட்டு இயக்க வழிகள் செயலிழந்தாலும் அது மாறாமல் இருந்துவிடலாம். 1980-இல் மெர்ட்டன், மார்ட்டன் ஆகிய இருவரும் மண்டையோட்டைத் திறக்காமலே மூளையை மின்சாரத்தால் தூண்டித் தசைகளை அசைக்க முடியும் எனக் காட்டியதே, அந்தக் குறையை ஈடுசெய்யும் இயக்கவழி மின்துலங்கலுக்கு அடிப்படை.

அரங்குக்குள் மின்முனைகளைப் பொருத்திக் கருவியை இயக்குபவர் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர். அதே அலைகளைத் தொலைவிலிருந்து பார்த்து அவற்றின் பொருளைச் சொல்பவர் மருத்துவர். குறி சரிவதைக் காண்பது எளிது, ஏன் சரிந்தது என்று சில நிமிடங்களுக்குள் தீர்மானிப்பதே அரிது. மயக்க வாயுவின் அளவு கூட்டப்பட்டிருக்கலாம், தசைத்தளர்வு மருந்து செலுத்தப்பட்டிருக்கலாம், இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கலாம், மின்முனை கழன்றிருக்கலாம், கை வைக்கப்பட்ட விதத்தால் முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம். அல்லது முதுகெலும்பில் பொருத்தும் திருகாணி தண்டுவடத்தையே தொட்டிருக்கலாம். கைகால்கள் நான்கிலும் குறிகள் ஒருசேரக் குறைந்தால் மருந்தையோ அழுத்தத்தையோ முதலில் ஐயுற வேண்டும். உலோகத் தண்டை இறுக்கி வளைவை நிமிர்த்தியவுடன் கால்களில் மட்டும் குறி மறைந்தால், இரத்த அழுத்தத்தை உயர்த்தச் சொல்வதோடு இறுக்கத்தைத் தளர்த்துமாறு அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கூறவேண்டும். தேவையற்ற எச்சரிக்கைகளை அடிக்கடி விடுப்பவரின் சொல்லை, தேவையான நேரத்தில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

மருத்துவப் பட்டத்துக்குப் பின் 4 ஆண்டு நரம்பியல் பயிற்சியும், அதன்மேல் ஓராண்டு மருத்துவ நரம்பியங்கியல் சிறப்புப் பயிற்சியும் இத்தொழிலுக்கான வழக்கமான வழி. ஆயினும் அந்த ஓராண்டு, இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவிலோ, தசை மின்பதிவிலோ பெரும்பாலும் கழிந்துவிடக்கூடும். சான்றிதழ் கிடைத்துவிடும், அரங்கு பழகியிருக்காது. 1995-இல் வெளியான ஆய்வொன்று, 51,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பு அறுவைகளைக் கணக்கெடுத்து, கண்காணிப்பில் மிகுந்த அனுபவமுள்ள குழுக்களிடம் நரம்புக் குறைபாடுகள், அனுபவம் குறைந்தோரிடம் நேர்ந்தவற்றில் பாதிக்கும் குறைவாக இருந்ததைக் காட்டியது. எனவே தொலைவிலிருந்து கண்காணிக்க விரும்புபவர், முதலில் அரங்கில் நின்று மயக்க மருத்துவரின் கையும் அறுவை மருத்துவரின் கையும் அலைகளை எப்படி மாற்றுகின்றன என்று கண்டிருப்பது இன்றியமையாதது.

தொலைவேலை என்றாலும் மாநிலம்தோறும் உரிமமும் மருத்துவமனைதோறும் தனி அனுமதியும் வேண்டும். கட்டண முறையும் சிக்கலானது. 2013 முதல், பல நோயாளிகளை ஒரே வேளையில் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணக் குறியீடு உண்டு. அரசின் மெடிகேர் காப்பீடோ அதை ஏற்காமல், ஒரே நோயாளிக்கு முழுக் கவனம் செலுத்தும் 15 நிமிட அலகுகளுக்கே பணம் தருகிறது. ஒருவர் எத்தனை அரங்குகளை ஒருசேரப் பார்ப்பது என்பது இதனால் வருமானத்தின் கேள்வியாகவும் நோயாளியின் பாதுகாப்புக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. இரண்டு அரங்குகளில் ஒரே நிமிடத்தில் குறி சரிந்தால் உதவிக்கு வரும் இரண்டாவது மருத்துவர் யார் என்பதைப் பணியில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; அதற்குத் தெளிவான விடை தராத நிறுவனத்தில், சம்பளம் எவ்வளவாயினும், சேர வேண்டாம்.