எம்.எச்.370: முந்திக்கொண்ட ஊகங்கள்

2014 மார்ச் 8 அதிகாலை, 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் புறப்பட்ட மலேசிய விமானம் காணாமற்போனது. தேடுதல் தொடங்கி இரண்டு நாள் ஆவதற்குள் சிலருக்கு விடை கிடைத்துவிட்டது. பயணிகளில் இருவர் களவுபோன கடவுச்சீட்டுகளில் வந்தவர்கள், அதுவும் ஈரானியர்கள். வேறென்ன வேண்டும்? பயங்கரவாதம் என்றார்கள். சில நாட்களில் இன்டர்போலே அப்படித் தெரியவில்லை என்றது. அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் போனவர்கள். ஒருவருடைய தாய் ஜேர்மனியில் காத்திருந்தார். முதல் செய்தியை நம்பியவர்களில் எத்தனை பேர் இதை வாசித்தார்களோ!

நாமும் சளைத்தவர்களல்லர். அமெரிக்கா விமானத்தை டியாகோ கார்சியாவில் இறக்கிவிட்டது என்ற கதையை எம்மவர்களும் ஆசையோடு பகிர்ந்தோம்.

உண்மையில் கையிலிருந்த தடயம் சிறியது. ராடாரிலிருந்து மறைந்த பின்னரும் காலை 8.19 வரை விமானம் செய்மதியுடன் சமிக்ஞை பரிமாறியது. சமிக்ஞை போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம், திட்டமான இடத்தைச் சொல்ல முடியாது. ஆகவே கிடைத்தது ஒரு புள்ளியல்ல, தென் இந்து சமுத்திரத்தில் நீண்டதொரு வில். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கைப் பாகமொன்று கரையொதுங்கியது.

2018இல் வெளிவந்த 495 பக்க அறிக்கை, விமானம் கையாலேயே திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்றது. திருப்பியது யார்? தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதி முடித்தார்கள். பரீட்சைத் தாளில் என் மாணவர்கள் எழுதத் துணியாத விடை அது.