பருத்த உடலும் ஓட்டமும்



‘ஓடினால் உடல் இளைக்கும்’ என்பது நம்மில் பெரும்பாலோர் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கூற்று. அதை நம்பித்தான் பருமனானவர்கள் பலர் ஓடத் தொடங்குகிறார்கள். அதை நம்பியதனாலேயே மூன்றாம் வாரத்தில் நிறுத்தியும் விடுகிறார்கள். மாட்டுங்காவில் வாழும் நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஓட்டம் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. அந்த நாட்களில் ‘ஃபைவ் கார்டன்ஸ்’ எனப்படும் ஐந்து பூங்காக்களைச் சுற்றிப் புதிய முகங்கள் பல தோன்றும். பிப்ரவரி முடிவதற்குள் அவற்றுள் பல மறைந்துவிடும். குறிப்பாகப் பருத்த உடலினர் மறைந்துவிடுவர்.

காரணம் சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நான் பேசிப் பார்த்தவர்கள் அனைவரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: “எடை குறையவில்லை.” எடை பார்க்கும் எந்திரத்தின் முள் அசையாததைக் கண்டு, ஓட்டம் தமக்குப் பயன்படாது என்று தீர்ப்பளித்துக் கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரிதானா? ஓட்டத்தின் பயனை அளக்க எடை எந்திரம் தக்க நீதிபதிதானா? இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நானும் பருத்த உடலினன்தான். இரசாயனம் பயிலும் முதுகலை மாணவன், வயது 23, சென்ற ஆண்டு 94 கிலோ எடையுடன் இப்பழக்கத்தைத் தொடங்கியவன். ஆகவே நான் கூறப்போவது ஏட்டுச் சுரைக்காய் மட்டுமன்று.

கணக்கு கூறுவது என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். சமதரையில் ஓடும் ஒருவர், தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ 1 கலோரி செலவிடுகிறார். (உணவு பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரியே.) 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி; 90 கிலோ எடையுள்ளவர் அதே தூரம் ஓடினால் 450 கலோரி. விரைவாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இக்கணக்கு அதிகம் மாறுவதில்லை. நடைக்கு இதில் பாதியோ, அதற்குச் சற்று மேலோ செலவாகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பருத்தவர் பூங்காவைச் சுற்றி ஓடும்போது சிலர் நகைக்கிறார்கள். “ஆனை வருகிறது” என்று என் காதில் விழும்படியே கூறியவரும் உண்டு. ஆனால் அந்த 90 கிலோ மனிதர் ஒரு சுற்று முடிக்கும்போது, அவரைக் கடந்து செல்லும் 60 கிலோ மனிதரைப் போல் ஒன்றரை மடங்கு வேலை செய்திருக்கிறார். வேலையின் அளவைக் கொண்டு மதிப்பிட்டால், கைகொட்டிப் பாராட்டத்தக்கவர் யார்?

இனி மறுபுறத்தைப் பார்ப்போம். உடலிலுள்ள கொழுப்பில் 1 கிலோ குறைய, ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 90 கிலோ மனிதர் வாரம் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் வாரத்துக்கு 1,800 கலோரி. அப்படியானால் 1 கிலோ குறைய நான்கு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும், ஓடியதால் எழும் பசிக்கு ஒரு கவளமும் கூடுதலாக உண்ணாமல் இருந்தால்தான்! மூன்று வாரத்தில் தராசு அசையாததில் வியப்பென்ன?

உடலும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில், வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் அம்மக்கள், உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், மேலைநாட்டு நகரவாசிகள் அளவுக்கே சக்தியைச் செலவிட்டார்கள்! உழைப்பு மிகும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக் கொள்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து.

அடுக்களையின் பங்கு

அப்படியானால் எடை குறைய வழி யாது? வழி பெரும்பாலும் அடுக்களையில் இருக்கிறது. கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி. மாவுப் பொருளும் புரதமும் 1 கிராமுக்கு 4 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் ஏறத்தாழ 120 கலோரி. நாளைக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 30 கிராம். அதுவும் 120 கலோரி. இவ்விரண்டில் ஒன்றை ஓடிக் கழிக்க 90 கிலோ மனிதர் 1 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். உண்ணாமல் விடுவதற்கோ ஓர் அடியும் ஓட வேண்டியதில்லை.

எங்கள் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர். நாள் முழுதும் சுமை தூக்கியவர் இரவில் தட்டு நிறையச் சோறு உண்டார். அது அவர் உழைப்புக்கு ஈடாயிற்று. அந்தத் தட்டு அப்படியே எங்களுக்கு வந்திருக்கிறது. அந்தச் சுமை வரவில்லை. ஆய்வுக்கூடத்திலும் மின்சார ரயிலிலும் கணிப்பொறியின் முன்னும் அமர்ந்திருக்கும் நம் போன்றோர் பலருடைய வீட்டுக் கதையும் இதுவேயன்றோ? சோற்றை வெறுக்க வேண்டியதில்லை. சோற்றைச் சிறிது குறைத்து, பருப்பையும் சுண்டலையும் காய்கறியையும் கூட்டினாலே வயிறும் நிறையும், கணக்கும் நேராகும்.

கொழுப்பு எங்கே செல்கிறது?

இரசாயன மாணவன் என்ற முறையில் ஒரு வேடிக்கையான கேள்வியையும் எழுப்ப விரும்புகிறேன். குறைந்துபோன கொழுப்பு எங்கே சென்றது? வியர்வையாக உருகி ஓடிற்று என்பார் சிலர். வெப்பமாக மாறிற்று என்பார் சிலர். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் 2014-இல் இக்கணக்கை வெளியிட்டனர். 10 கிலோ கொழுப்பு உடலில் எரிந்தால், 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ தண்ணீராகிறது. ஆம், நாம் இளைப்பது பெரும்பாலும் மூச்சினால்தான்!

ஆகவே ஓடி முடித்தவுடன் எடை பார்த்து, ஒரு கிலோ குறைந்தது என்று மகிழ்வதும் வீண். அது வியர்வையாகச் சென்ற தண்ணீர். இரண்டு மூன்று குவளை தண்ணீர் அருந்தியதும் திரும்பிவிடும். உடலை நெகிழித் தாளால் சுற்றிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடுவது வீண் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

தராசு காணாதவை

எடை மெல்லத்தான் குறையும் என்றால் ஏன் ஓட வேண்டும்? இங்குதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. தராசு காணாத நன்மைகள் பல உண்டு, அவையே பெரியவை.

லண்டன் நகரத்தில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்; நடத்துநரோ மாடிப்படி ஏறி இறங்கியபடியே இருப்பவர். மும்பையில் மாடிப் பேருந்தில் சென்றவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இருதய நோய் நடத்துநர்களிடையே குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் பருத்திருந்ததுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. சீருடை அளவுகளைக் கொண்டு அதையும் ஆராய்ந்தார்கள். மெலிந்தவரானாலும் பருத்தவரானாலும், நடத்துநரே மேலான நிலையில் இருந்தார். அதாவது, இருதயம் கேட்பது ‘நீ எவ்வளவு கனம்?’ என்று மட்டுமன்று. ‘நீ எவ்வளவு அசைகிறாய்?’ என்றும் கேட்கிறது.

லண்டன் எதற்கு, நம் சென்னைக்கே வருவோம். டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பிரிவுகளாக்கி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு 55 பேரை நீரிழிவு பற்றியது. உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை உண்ட பிரிவின் பலனும் ஏறத்தாழ இவ்வளவுதான். வியப்பு என்னவெனில், நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசை மட்டும் பார்த்திருந்தால், அவர்களும் மூன்றாம் வாரத்தில் நிறுத்தியிருப்பார்கள்!

இது எவ்வாறு நிகழ்கிறது? தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருதயமோ, பயிற்சி பெறப் பெற ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைச் செலுத்தக் கற்றுக்கொள்கிறது; ஆதலால் ஓய்வு வேளையில் குறைவாகத் துடித்தாலே போதும். என் அனுபவத்தையே கூறுகிறேன். ஐந்து மாதத்தில் என் எடை 94-இலிருந்து 89 ஆயிற்று. ஆனால் காலையில் எழுந்தவுடன் எண்ணும் நாடித்துடிப்பு 86-இலிருந்து 70 ஆயிற்று. தராசு அசையாமலிருந்த முதல் மாதத்திலேயே நாடி இறங்கத் தொடங்கிவிட்டது.

மெலிந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். புனே நகரத்து டாக்டர் யாக்னிக்கும், லண்டன் நகரத்து டாக்டர் யூட்கினும் தம் இருவர் உடலையும் ஒப்பிட்டு 2004-இல் எழுதினார்கள். எடைக்கும் உயரத்துக்குமுள்ள குறியெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு 100-க்கு 9.1 பங்கு, புனேக்காரர் உடலில் 21.2 பங்கு! இந்தியர் மெலிந்து தோன்றினாலும் உள்ளே கொழுப்புடையவராக இருக்கக்கூடும். அதனால்தான் இந்திய ஆடவருக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆகவே, நகைப்பவரும் ஓட வேண்டியவராக இருக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்கும் விசை, உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதங்கள் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று பருத்தவர் விரைந்தால், முழங்காலும் கெண்டைக்காலும் தண்டனை பெறும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பொறுமையே இங்கு வேண்டும்.

முதல் மூன்று வாரம் நடை மட்டும்: வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அடுத்து, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை, வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைச் சிறிது குறைக்கலாம். களைப்பாக உள்ள வாரத்தில் கூட்டவே வேண்டாம். வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு: ஓடியபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

தசை வலி இரண்டொரு நாளில் மறையும். அதற்கு அஞ்ச வேண்டாம். மூட்டில் குத்தும் வலி கண்டால் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொள்க. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே மருத்துவரை நாடுக. இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் தொடங்குமுன்பே மருத்துவரைக் கேட்பது நலம்.

பருத்தவர்கள் வெளியில் சொல்லக் கூசும் துன்பம் ஒன்றுண்டு. தொடைகள் உராய்ந்து புண்ணாவது. இதனாலேயே ஓட்டத்தை விட்டவர்களும் இருக்கிறார்கள். தொடையை இறுக்கிப் பிடிக்கும் அரைக்கால் சட்டையும், சிறிது வாசலினும் இத்துன்பத்தைத் தீர்க்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மும்பையின் புழுக்கத்தையும் மறக்கலாகாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். பருத்த உடலில் உண்டாகும் வெப்பமோ அதிகம். ஆதலால் சூரியன் ஏறுமுன் ஓடுவதும், முன்னும் பின்னும் தண்ணீர் அருந்துவதும் இன்றியமையாதவை. அக்டோபர் வெயிலில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வழுக்கும் வீதியை விட்டு, மாடிப்படி ஏறி இறங்கலாம்.

எதைக் கொண்டு அளப்பது?

எடை எந்திரத்தைத் தூக்கி எறியுமாறு நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வேளையில் பாருங்கள், போதும். அதனுடன் நான்கு எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்: காலை நாடித்துடிப்பு, இடுப்புச் சுற்றளவு, நிற்காமல் ஓடிய நிமிடங்கள், உறங்கிய மணிநேரம். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு அளவையை நம்பி முடிவு கட்டுவோமா? நம் உடல் விஷயத்தில் மட்டும் ஏன் அவ்வாறு செய்ய வேண்டும்?

நண்பர்களே, தமிழ் மன்றத்து நண்பர்களில் சிலர் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் நடக்கத் தொடங்கினால், தனியே செல்லக் கூசும் பருத்தவரும், தனியே செல்ல அஞ்சும் சகோதரிகளும் துணை பெறுவர். அப்படிச் செல்லும்போது குழுவின் வேகம் கடைசியில் வருபவரின் வேகமாக இருக்கட்டும். அவர் நான்காம் வாரமும் வந்தால், தராசு எதைச் சொன்னாலும், அவர் இருதயம் அறிந்துகொள்ளும்.