பிஆர்சிஏ ரிப்போர்ட் எங்கே?

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்து வருகிற பெண்களின் ஃபைலில் மருந்துக்கடை பில் வரை எல்லாம் இருக்கும். பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை முடிவு மட்டும் இருக்காது. கேட்டால், "அப்படி ஒண்ணு எடுக்கணும்னு யாரும் சொல்லலையே" என்கிறார்கள். சொல்லாதவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் எல்லோர் உடம்பிலும் உள்ள மரபணுக்கள். அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது அவற்றின் வேலை. இந்த நோய் வந்த பெண்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு இதில் ஒன்று பிறவியிலேயே பழுதாகி இருக்கிறது. பழுது இருந்தால் பிளாட்டினம் வகை கீமோ நன்றாகக் கேட்கும். ஓலாபரிப் போன்ற மாத்திரைகளும் பலன் தரும். புற்றணுவுக்கு மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் அவை அடைத்துவிடுகின்றன. 2018இல் வெளியான சோலோ-1 ஆய்வில், இந்தப் பழுதோடு, முற்றிய நிலையில் இருந்து கீமோவுக்குக் கட்டுப்பட்ட பெண்களுக்கு ஓலாபரிப் தரப்பட்டபோது, நோய் திரும்பும் அல்லது உயிரிழக்கும் ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைந்தது. கீமோ முடிந்த சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டிய மருந்து இது. ரிப்போர்ட் வரவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் நோய் உறுதியானதுமே டாக்டரிடம் கேளுங்கள். கீமோ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சோதனை இரண்டு வகை. ரத்தத்தில் எடுப்பது பரம்பரைப் பழுதைக் காட்டும். கட்டியில் எடுப்பது, கட்டிக்குள் மட்டும் புதிதாக வந்த பழுதையும் காட்டும். ரத்தத்தில் இல்லை என்று வந்தால் கட்டியிலும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கட்டியில் எடுக்க மெழுகு பிளாக் வேண்டும். பலர் கண்ணாடி ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து திரும்பி அலைகிறார்கள். பிளாக் இருப்பது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி துறையில். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணைக் குறிப்பிடுங்கள், ஓ.பி. எண் போதாது. டாக்டரின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டை நகலும், வேறொருவர் போனால் நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதலும் கொண்டுபோங்கள். வாங்கிய பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். ரிப்போர்ட் நகல் தர இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி சொல்கிறது.

ரிப்போர்ட்டில் 'வி.யூ.எஸ்.' என்று வந்தால், அந்த மாற்றம் கெடுதலா இல்லையா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அதை மட்டும் நம்பிச் சினைப்பையை எடுக்கப் போகாதீர்கள். மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

பரம்பரைப் பழுது உறுதியானால், ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள் அனைவருக்கும் கொடுங்கள். மகன், மகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்கள் வழியாகவும் கடக்கும். அதில் எழுதியுள்ள அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தால் அவர்களுக்குப் போதும். நோயாளி சோதிக்காமலே இறந்துவிட்டால் இந்தச் சுலபமான வழி அடைபட்டுப் போகும். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு, வெளியே தெரியக் கூடாது" என்று மறைக்கிறார்கள். பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேருக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. முன்கூட்டிக் கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. பிள்ளைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதிலும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதிலும் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதே இன்றுள்ள பாதுகாப்பு. மறைத்தால் அந்தப் பெண்ணுக்கு இது தெரியாமலே போகும்.

'மரபணு நோய்' என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் காரணத்தைக் காட்டி கிளைம்களை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 மார்ச்சில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. நிராகரிப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் மனு கொடுங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். பாலிசி நகல், நிராகரிப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் நான்கையும் மனுவோடு இணையுங்கள்.