சிறிய காரும் அதன் எஞ்சின்களும்

பிரித்தானிய வீதிகளில் நாம் இன்றும் அவ்வப்போது காணும் பழைய 'மினி' கார் உருவத்தால் சிறியது, புகழால் பெரியது. 1959 ஆம் ஆண்டு முதல் 2000 ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் உற்பத்தி செய்யப்பட்டன. வெளித்தோற்றம் பெரிதும் மாறாத இக்காருக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் பெரியதுதான் சிறந்ததா? மாணவர்களும், பழைய கார் ஒன்றை வாங்க எண்ணும் பெற்றோரும் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

1956 ஆம் ஆண்டின் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எரிபொருளில் நால்வர் செல்லக்கூடிய கார் தேவைப்பட்டது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அமைத்தார். இதனால், ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமே உள்ள காரில் பெரும்பகுதி பயணிகளுக்குக் கிடைத்தது.

முன்மாதிரிக் காரில் இருந்தது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அது மணிக்கு 90 மைல் வேகத்தைத் தொட்டது. சாதாரண குடும்பத்துக்கு இவ்வேகம் மிகையெனக் கருதி, எஞ்சினை 848 ஆகக் குறைத்தனர். 34 குதிரைவலு உடைய அந்த எஞ்சினுடன் மினி 72 மைல் அளவில் ஓடியது. 1967 இல் 998 எஞ்சினையும் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது.

இவ்வெண்கள் எவ்வாறு வருகின்றன? மாணவர்களே, நீங்கள் வகுப்பில் கற்ற உருளையின் கனவளவுதான் இது. 998 எஞ்சினில் உருளையின் உள்விட்டம் 6.458 சென்ரிமீற்றர், பிஸ்ரன் ஒருமுறை செல்லும் தூரம் 7.62 சென்ரிமீற்றர். ஆரையின் வர்க்கத்தைப் பையாலும் இத்தூரத்தாலும் பெருக்கினால் ஓர் உருளைக்கு 249.6 கிடைக்கும். நான்கு உருளைகளுக்கு 998! விட்டத்தையோ பிஸ்ரன் செல்லும் தூரத்தையோ மாற்றினால் எஞ்சினின் அளவும் மாறும்.

பந்தயக் கார் அமைப்பாளர் ஜோன் கூப்பரின் முயற்சியால் 1961 இல் 55 குதிரைவலு உடைய 'மினி கூப்பர்' பிறந்தது. 1963 இல் 1071 எஞ்சினுடன் 'கூப்பர் எஸ்' வெளிவந்தது. 1964 இல் மொன்ரே கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களை வென்றது அதுவே. அதே ஆண்டில் வந்த 1275 எஞ்சின் 76 குதிரைவலுவைத் தந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. கூப்பரை உருவாக்கியோர் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கையும் பொருத்தினர். ஏன்? வேகம் இருமடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்தும்போது அவ்வளவு ஆற்றலையும் பிறேக்கே தாங்க வேண்டும். சாதாரண மினிகளுக்கோ 1984 வரை டிரம் பிறேக்குகளே இருந்தன. இவ்வெஞ்சின்கள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே பழைய 848 காரில் 1275 எஞ்சினைப் பொருத்தியோர் பலர். பிறேக்கை மாற்றாது இவ்வாறு செய்வது உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே, பழைய மினி ஒன்றை வாங்குவோர் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் பிறேக்கும் அதற்கு ஏற்றதா எனத் திறமையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டிக் கேட்டல் வேண்டும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு மறைத்தால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு, நல்ல நிலையில் உள்ள 998 எஞ்சினே போதுமானது.

விரைந்து செல்லும் வலிமை எவ்வளவோ, அவ்வளவுக்கு நிறுத்தும் வலிமையும் வேண்டும். எஞ்சினைத் தெரிந்தெடுக்கும்போது நம் இளைஞர்கள் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே.