விரல்கள் வலிக்கும்போது: கை மூட்டுவலியைக் குறைக்கும் வழிகள்

வெளிநோயாளர் பிரிவுக்குக் கை விரல் வலியோடு வருபவர்களில் பலர் வலியைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை, டாக்டர்", "புடவைக் கொசுவத்தைப் பிடித்துச் செருக முடியவில்லை", "சட்டைப் பொத்தான் போட வீட்டில் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்றுதான் தொடங்குகிறார்கள். முழங்கால் வலி என்றால் உடனே மருத்துவரிடம் அழைத்து வரும் குடும்பங்கள்கூட, விரல் வலியை "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவதைப் பார்க்கிறோம்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் தாயாரிடம் "கை வலிக்கிறதாம்மா?" என்று கேட்பேன். "கொஞ்சம்" என்பார். பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். ஒரு மார்கழிக் காலையில் வாசலில் கோலம் இல்லாததைக் கண்டு காரணம் கேட்டபோதுதான், கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடிக்க முடியாமல் ஆறு மாதமாக அதை விட்டுவிட்டார் என்று தெரிந்தது. வலி எவ்வளவு என்று கேட்டேனே தவிர, எதைச் செய்ய முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் உள்ளன. அவை சேரும் இடங்களில் எல்லாம் சிறு மூட்டுகள் இருக்கின்றன. அம்மூட்டுகளைத் தாக்கும் நோய்களுள் இரண்டை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு மெலிந்து, ஓரங்களில் எலும்பு புடைத்து வளர்கிறது. நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதுண்டு.

இரண்டாவது, முடக்குவாதம் என்று நாம் அழைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். இது தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், மூட்டின் உட்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குகிறது. இளம் வயதிலும் வரலாம். சிகிச்சையின்றி விட்டால் அந்த அழற்சி எலும்பையும் தசைநாணையும் அரித்து, விரல்களைக் கோணச் செய்துவிடும். அவ்வாறு ஏற்பட்ட சேதத்தை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எனவே எந்த நோய் என்பதை விரைவில் கண்டறிவதே வலி நிவாரணத்தின் முதல் படி.

வீட்டிலேயே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்

ஒன்று, எந்த மூட்டு வலிக்கிறது? நகத்தை ஒட்டிய கடைசி மூட்டும் கட்டைவிரலின் அடி மூட்டும் தேய்மானத்துக்கு உரிய இடங்கள். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கினால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். விரலின் நடு மூட்டு இரண்டிலும் பாதிக்கப்படலாம். முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒத்த இடங்களில் வரும்.

இரண்டு, காலையில் விரல்கள் எவ்வளவு நேரம் விறைத்திருக்கின்றன? தேய்மானத்தில் விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். அசைக்க அசைக்கச் சற்று இளகும்.

மூன்று, வீக்கத்தைத் தொட்டால் எப்படி இருக்கிறது? எலும்பைப் போலக் கடினமாக இருந்தால் தேய்மானம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் விவரித்த இந்த முடிச்சுகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ரப்பரைப் போல மெதுவாக, இளஞ்சூட்டோடு இருந்தால் அழற்சி. யாரேனும் கைகுலுக்கும்போது முட்டிகளில் சுரீரென வலித்தால் காலம் தாழ்த்தாமல் வாருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் விரல் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். சொரியாசிஸ் தோல் நோய் உள்ளவர்களுக்கும் யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கும் விரல் மூட்டு வீங்கலாம். பல ஆண்டுகள் நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல்கள் இறுகி, வணக்கம் சொல்லும்போது உள்ளங்கைகள் முழுதாகச் சேராமல் இடைவெளி விழும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போய் கையை உதறினால் சரியாகிறது என்றால், அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். ஆகவே அண்டை வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரை உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையில் "ஆர்.ஏ. ஃபேக்டர்" இல்லை என்று வந்தால் முடக்குவாதம் இல்லை என்று பொருளன்று, இருக்கிறது என்று வந்தாலே நோய் உறுதி என்றும் பொருளன்று. கையைத் தொட்டுப் பார்த்த பிறகே அந்தத் தாளுக்கு மதிப்பு.

வீட்டில் செய்யக்கூடியவை

வெந்நீர்: காலையில் பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். நீரிழிவால் கை உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, நீரின் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் சோதித்துத் தர வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் வெந்நீரை விட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள்.

பயிற்சி: விரல்களை நேராக நீட்டுங்கள், பிறகு நுனிகளை மட்டும் கொக்கி போல மடக்குங்கள், பிறகு முழுதாகக் கைமுட்டி பிடியுங்கள். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வட்டம் அமையுங்கள். மென்மையான ஸ்பாஞ்சை மெல்ல அழுத்தி விடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு இரு வேளை போதும். பயிற்சிக்குப் பின் கூடுதல் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். "வலிக்கும் கையை அசைத்தால் தேய்ந்துவிடும்" என்ற அச்சம் வேண்டாம். முடக்குவாதம் உள்ள 490 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, முறையான கைப்பயிற்சி கையின் செயல்திறனை மேம்படுத்துகிறது என்று காட்டியது.

மூட்டைக் காக்கும் வேலை முறை: விரல் நுனிகளால் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது, கட்டைவிரலின் அடி மூட்டில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் விழுகிறது. எனவே சிறு மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுங்கள்.

- காய்கறிப் பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டுங்கள்.
- பால் பாத்திரம், தண்ணீர்ச் செம்பு போன்றவற்றை இரு கைகளாலும் ஏந்துங்கள்.
- கரண்டி, கத்தி, பேனா ஆகியவற்றின் பிடியில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குங்கள்.
- புட்டி மூடியை ரப்பர் துண்டு வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள்.
- ஈரத் துணியை முறுக்கிப் பிழியாமல், உள்ளங்கைகளால் அழுத்தி நீரை வடியுங்கள்.
- தையல், பூக்கட்டுதல், தேங்காய் துருவுதல் போன்றவற்றில் அரை மணிக்கு ஒருமுறை கையை ஓய விடுங்கள்.
- கைபேசியில் கட்டைவிரலால் நெடுநேரம் தட்டச்சு செய்யாமல், குரல் பதிவைப் பயன்படுத்துங்கள்.

கட்டைவிரல் அடி மூட்டு வலிக்கு, ஸ்பிளிண்ட் எனப்படும் தாங்கு உறை பெரிதும் உதவும். அளவெடுத்துப் பொருத்தி, சில மாதங்கள் தொடர்ந்து அணிந்தால்தான் முழுப் பயன் தெரியும்.

மருந்துகள்: எது, எப்போது?

தேய்மானத்துக்கு முதல் தேர்வு மாத்திரை அன்று. டைக்ளோஃபினாக் போன்ற மேற்பூச்சு ஜெல். விரல் மூட்டுகள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அது நன்கு சென்று சேரும். இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அதிகம் பாதிப்பதில்லை. பூசிய பின் ஒரு மணி நேரம் கை கழுவ வேண்டாம். கண்ணைத் தொட வேண்டாம். எனவே சமையல் முடிந்த நேரத்தில் பூசுவது நல்லது.

வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து விழுங்காதீர்கள். சிறுநீரக நோய், குடல்புண், இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அவை பெருந்தீங்கு செய்யலாம்.

முடக்குவாதத்தில் வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர நோயை நிறுத்தாது. நோயைக் கட்டுப்படுத்துவதற்கான அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்சேட். இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையைக் குடும்பத்தினர் அனைவரும் படிக்க வேண்டுகிறேன். இந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் வாய்ப்புண் வந்து, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் இதைப் போலவே சிறியதாக, மஞ்சளாக இருப்பதுண்டு. மாற்றி எடுப்பது எளிதில் நேரும். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, மாத்திரை நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவர் பார்க்க எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே எங்களை அணுகுங்கள். மது கூடாது. குழந்தைப்பேற்றுக்குத் திட்டமிடுவோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்தால் இது பல ஆண்டுகள் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய மருந்தே. அஞ்சி நிறுத்திவிட வேண்டாம்.

பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பொடிகளையும் உருண்டைகளையும் பற்றியும் சொல்ல வேண்டும். "மூன்றே நாளில் வலி போய்விட்டது" என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்தன்று. அதன் பயனைக் கண்டறிந்த பணிக்காக 1950இல் ஃபிலிப் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாங்களும் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருகிறோம். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும். அத்தகைய மருந்தை எடுத்திருந்தால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

உணவு

"உருளைக்கிழங்கு வாயு, புளி ஆகாது" என்று பலவற்றை விலக்கி மெலிந்துபோனவர்களைப் பார்க்கிறோம். இவ்விரு நோய்களுக்கும் புளியையோ கிழங்கையோ விலக்கத் தேவையில்லை. பருப்பு, கீரை, பழம், மீன் சேர்ந்த நிறைவான உணவு போதும். விட வேண்டியது புகையிலையை. புகைப்பழக்கம் முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, மருந்தின் பயனையும் குறைக்கிறது.

உடனே வர வேண்டிய நேரங்கள்

ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே வாருங்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். ஒரு விரலை நீட்ட முடியாமல் திடீரெனத் தொங்கினாலும் தாமதிக்க வேண்டாம், தசைநாண் அறுந்திருக்கலாம். மூட்டு வீக்கம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலி குறைவாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

குடும்பத்தினருக்கு

வெளியே தெரியாத வலி இது. மோதிரம் கழன்றிருக்கிறதா, வளையல் மாட்டுவது நின்றுவிட்டதா, தேநீர்க் குவளையை இரு கைகளால் பிடிக்கிறார்களா என்று கவனியுங்கள். எல்லா வேலையையும் பறித்துக்கொள்ளாதீர்கள். கனமானதை நீங்கள் எடுத்துக்கொண்டு, விருப்பமானதை அவர்களுக்கு விடுங்கள்.

என் தாயார் இப்போது தாங்கு உறை அணிகிறார், இரவில் ஜெல் பூசுகிறார். வலி முழுதாகப் போய்விடவில்லை. பெரிய புள்ளிக் கோலத்தை விட்டுவிட்டார். நாலு இழையில் சிறிய கோலம் ஒன்றை, பொடியை விரலால் கிள்ளாமல் தடித்த குழல் ஒன்றில் நிரப்பி, தாமே போடுகிறார். அடுத்த முறை வரும்போது, உங்கள் கை எதைச் செய்ய மறுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே சிகிச்சையைத் தொடங்குவோம்.