பழைய காரின் ஓசையும் எச்சரிக்கை விளக்கும்

கொச்சி நகரின் வைட்டிலா, தேசிய நெடுஞ்சாலையும் நகரச் சாலைகளும் கூடுமிடமாகும். 2021-இல் அங்கு மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னரும், அதன் கீழே வண்டிகள் நின்று நின்றே செல்கின்றன. பழைய கார் வாங்கியவர், அதுவரை கேளாத ‘டொக், டொக்’ என்னும் ஓசையையோ, முகப்பில் மினுக்கும் சிவப்பு விளக்கையோ முதலில் கவனிப்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயாம். இதற்குக் காரணம் உண்டு. நெடுநேரம் ஓடிச் சூடேறிய எஞ்சினில் எண்ணெய் இளகிவிடுகிறது. வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் எண்ணெய்ப் பம்பும் மெதுவாகவே இயங்குகிறது. ஆகவே எண்ணெயின் அழுத்தம் அப்பொழுது மிகவும் குறைகிறது. தேய்ந்த எஞ்சின் தன் குறையை அங்கேதான் வெளிப்படுத்தும்.

ஓசையை ஆராய்தல்

ஓசை எத்தகையது என்பதைக் காட்டிலும், எதனோடு சேர்ந்து மாறுகிறது என்பதே முதலில் அறியத்தக்கது. வண்டியை நிறுத்தி, எஞ்சினின் வேகத்தை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓசையும் உடன் விரைந்தால் பழுது எஞ்சினைச் சார்ந்தது. வண்டி ஓடுகையில் மட்டும் எழுந்து, சக்கர வேகத்தோடு மிகும் உறுமல், பெரும்பாலும் சக்கரப் பேரிங்கின் தேய்வைக் குறிக்கும்.

எஞ்சினின் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறக்கும். நிமிடத்திற்கு 800 சுற்று ஓடுகையில், ஒரு வால்வின் மெல்லிய ‘டிக், டிக்’ 400 முறை கேட்கும். கிராங்க் தண்டைப் பற்றியுள்ள பேரிங் தேய்ந்தால் எழும் கனத்த ‘டொக்’ ஒலியோ சுற்றுதோறும் கேட்கும். சுமை ஏறுகையில் மிகும். முன்னது இடைவெளியைச் சரிசெய்வதால் பெரும்பாலும் தீரும். பின்னதைப் பொருட்படுத்தாது ஓட்டினால், இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினையே உடைத்துவிடக்கூடும். மழைக்காலக் காலையில் எழும் கிறீச்சொலி, பொதுவாகத் தளர்ந்த பெல்ட்டினுடையது.

விளக்கின் நிறம்

சிவப்பு விளக்கு ‘நில்’ எனவும், மஞ்சள் விளக்கு ‘விரைவில் ஆராய்க’ எனவும் பொருள்படும். எண்ணெய்க்குடம் போன்ற சிவப்பு விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தையே. அது எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். அது எரியாமையால் எண்ணெய் போதுமென்று கொள்ளுதலும் தவறு. அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பதே முறை.

எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு, மின்னணுக் கருவி ஏதோ ஒரு பிழையைக் குறித்துவைத்துள்ளது என்பதன் அடையாளம். அது விட்டுவிட்டு மின்னினால் எரிபொருள் சரிவர எரியவில்லை என அறியலாம். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால், புகையைத் தூய்மையாக்கும் கருவி கெடும். பணிமனையில் படித்தறியும் பிழைக்குறி, பழுதின் திசையைக் காட்டுமேயன்றிப் பழுதான உறுப்பைக் காட்டாது. ‘கலவையில் காற்று மிகுதி’ என்ற குறிக்கு, வெடித்த ஒரு ரப்பர்க் குழாயே காரணமாயிருக்கலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டுவன

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், இவ்விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கு ஐயத்திற்குரியது. குறையை மறைக்க அதனை நீக்கியிருக்கவும் கூடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் பல கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டிகளில் மின்கம்பி இணைப்புகள் துருவேறி, தொடர்பற்ற விளக்குகள் சேர்ந்து எரிவதுண்டு. தரைவிரிப்பின் அடியில் வண்டல் உள்ளதா என்று பார்த்தல் நலம்.

ஆசிரியர்கள் இதனை ஒலிப் பாடத்திற்கும் பயன்படுத்தலாம். உலர்ந்த மரக்கோலின் ஒரு முனையை, ஓடும் எஞ்சினின் அசையாத பகுதியில், விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அப்பால் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்தால், ஓசை எங்கிருந்து எழுகிறதென்பது புலப்படும். திடப்பொருள் வழியே ஒலி நன்கு பரவும் என்பதற்கு இது கண்கூடான சான்றாகும். பழைய வண்டிகளை நம்பித் தொலைதூரம் செல்லும் களப்பணியாளருக்கோ, வழியில் நின்றுவிடாதிருக்க இதுவே எளிய காப்பாகும்.